ஒன்பது மீட்டர்

ஈசூன், மாலை ஐந்தரை, ஏழு பேர்,
உயர்நிலை நான்கு, பிரியாவிடை விருந்து.
வெள்ளை வண்டிதான் வேண்டுமாம்.
கறுப்பென்றால் நூறு வெள்ளி குறையும் என்றேன்.
'கறுப்பு, பேங்க் ஆளுங்க மாதிரி இருக்கும்க்கா'
என்றாள் தொலைபேசியில் மிருணாளினி.

பணம் ஏழு துண்டாக வந்தது.
ஜுன் காய் ஐம்பத்தைந்து அனுப்பி
மூன்று நாள் கழித்து ஐந்து அனுப்பினான்.
கோமகள் என்ற பெண் அனுப்பியதில்
குறிப்பு என்ற இடத்தில்
'அம்மாவுக்குத் தெரியாது' என்று இருந்தது.
முதலாளி அதையும் அப்படியே
கணக்கில் ஏற்றிக்கொண்டார்.

வண்டி ஒன்பது மீட்டர்.
அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியவர்கள்
ஒன்பது மீட்டரை நினைத்துக் கட்டவில்லை.
கார்ப்பேட்டை முனையில் முன்னே போய்ப் பின்னே வந்து
முன்னே போய்ப் பின்னே வந்து
கடைசியில் குப்பை லாரிக்காரர் இறங்கிக் கைகாட்டினார்:
வா, வா, வா, அய்யோ போதும்.

வெற்றுத்தளத்தில் மலாய்க் கல்யாணம்.
ஊதாத் திரை, நெய்ச்சோற்று வாசனை,
மூன்று மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை
இன்னும் வரவில்லை.
கொம்பாங் அடிக்கும் பையன்கள் பன்னிரண்டு பேர்
நாற்காலியில் சரிந்து கைப்பேசி பார்த்திருந்தவர்கள்
என் வண்டியைக் கண்டதும் எழுந்துவிட்டார்கள்.
இவ்வளவு நீளமாய், இவ்வளவு வெள்ளையாய்
வேறு யார் வரப்போகிறார்?

கண்ணாடியை இறக்கி 'நான் இல்லை' என்பதற்குள்
முதல் அடி விழுந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் மின்தூக்கி திறந்தது.
வாடகைக் கோட்டு நான்கு,
ஒன்றில் விலைச்சீட்டு இன்னும் கழுத்தில்.
கவுன் மூன்று. பச்சைக் கவுன்காரி
குதிகால் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.
ஏழு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

ஆள் மாறிவிட்டது என்று
கொம்பாங்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது.
தெரிந்தும் நிறுத்தவில்லை.
இரண்டு வரிசையாய் விலகி வழி விட்டு
இன்னும் ஓங்கி அடித்தார்கள்.
தங்கக்கரைத் துணி போர்த்திய ஓர் அம்மாள்
மஞ்சள் அரிசியை அள்ளி வீசினார்,
வீணாகக் கூடாது என்பதுபோல.
ஹக்கீம் மட்டும் நடக்கத் தெரிந்தவனாய் நடந்தான்.
மற்றவர்கள் சிரிப்பை அடக்கி, அடக்க முடியாமல்,
ஆளுக்கொரு பூச்செருகிய முட்டையோடு
வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

சத்தம் கேட்டு மாடி மாடியாய்த் தலைகள்.
நாலாவது மாடியில் ஒரு தலை
கோமகளையே பார்த்துக்கொண்டிருந்தது.
அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.
வார் சரியாகத்தான் இருந்தது.

மாடியிலிருந்து பொருள் எறிவது குற்றம்.
அறிவிப்பு மின்தூக்கி வாசலிலேயே ஒட்டியிருக்கிறது.
இருந்தும் விழுந்தது
கூரைமேல் டம்மென்று ஒரு கம்பளிச் சட்டை.
'ஓட்டல்ல குளிரும்டி!'
அவ்வளவுதான். தலை உள்ளே போய்விட்டது.

பின்னால் ரிப்பன் கட்டிய ஹோண்டா ஒன்று
ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.
மாப்பிள்ளை.
என்னைத் தாண்ட வழியில்லாமல்
இறங்கி நடந்தே வந்தார், பட்டும் குறுவாளும் வியர்வையுமாய்.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு
'இதுக்கு எவ்வளவு?' என்று என்னிடம் கேட்டார்.
சொன்னேன்.
விசில் அடித்தார்.
மிருணாளினி கதவைத் திறந்து பிடித்தாள்:
ஒரே ஒரு படம், அண்ணா.
அப்புறம் பெண்ணும் வந்தாள், பெண்ணின் தங்கைகளும்,
கொம்பாங்காரர்களில் பாதிப் பேரும்.
வாடகை நேரத்தில் முப்பத்தைந்து நிமிடம்
வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை.

ஓட்டல் வாசலில் எங்களுக்கு முன்னால்
இதே போல மூன்று வெள்ளை வண்டிகள்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
ஏழு பேரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.
கோமகள் கம்பளிச் சட்டையை இருக்கையிலேயே
விட்டுவிட்டு இறங்கினாள்,
பத்தடி போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

காத்திருந்தேன். பசித்தது.
கோப்பை வைக்கும் குழியில் ஒரு முட்டை இருந்தது.
உரித்துத் தின்றேன், உப்பில்லாமல்.

மறுநாள் முதலாளி கேட்டார்,
கூரையில் என்ன கீறல்?
பித்தான், என்றேன்.
நம்பவில்லை.